என் கையால் கலந்த மோர்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், ஒரு ஆனி மாதம், குற்றாலத்தில் நடந்தது இது. சீசனுக்குக் குளிக்க வந்தவர்கள் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்க, நான் சித்தம் கலங்கிய புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லை என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. சிவகிரியிலிருந்து நான் வாக்கப்பட்டு வந்தபோது என் கொழுந்தனுக்கு ஒன்பது வயது. தாயில்லாப் பிள்ளை. அவனுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் கிடந்து பார்த்தவள் நான். பரீட்சை எழுதத் தென்காசிக்குப் போனபோது கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் நான். "மதினி, மதினி" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவன். யாராவது என்னை மலடி என்று ஜாடை பேசினால், எனக்கு முன்னால் அவன் சண்டைக்குப் போவான்.

எங்கள் வீட்டில் ஊர் வரி வசூலிக்கும் கிராம முன்சீப் வேலை பரம்பரை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் மவுசு தெரியாது. சம்பளம் சுண்டைக்காய், ஆனால் ஊரே எழுந்து நிற்கும். மாமனார் காலமானதும் மூத்தவரான என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை வந்தது. நாலெழுத்து கூடப் படித்தவன் என்று கொழுந்தனுக்கு ஒரு நினைப்பு உண்டு. தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருக்கிறான். அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். சின்னப் பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வேலைக்கு வந்த சில மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு ஓயாத தலைவலி. கொழுந்தன்தான் யாரோ வைத்தியரிடம் வாங்கினேன் என்று பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொண்டுவந்தான்.

"மதினி, இத மோர்ல கலந்து குடுங்க. நான் குடுத்தா அண்ணன் வேண்டாம்பாரு. நீங்க குடுத்தா மறுபேச்சு பேசாமக் குடிப்பாரு" என்றான்.

நானும் கொடுத்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் என் கையால் கலந்து, உப்பும் பெருங்காயமும் போட்டு, அவர் ஒரு சொட்டு விடாமல் குடிக்கும்வரை பக்கத்தில் நின்று கொடுத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் போக்கு மாறியது. நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்பார். காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து மடியில் போட்டுக்கொள்வார். செத்துப்போன மாமனாரோடு உட்கார்ந்து வரி பாக்கி பேசுவார். ஊருக்குள் விஷயம் பரவியது. தலைவலி முற்றிப் பித்தாகிவிட்டது என்றார்கள். "பொடிய மட்டும் நிறுத்தீராதீங்க மதினி" என்று கொழுந்தன் கண் கலங்கினான். நானும் அவனோடு சேர்ந்து அழுதேன்.

மூன்று மாதம் இப்படிப் போன பிறகு, அண்ணனுக்குச் சித்தம் சரியில்லை, வேலையைத் தனக்குத் தர வேண்டும் என்று கொழுந்தன் மனு எழுதிப் போட்டான். என் மாமனாருக்கு அண்ணனும் குடும்பத்துக்குப் பெரியவருமான பெரிய மாமாவும் அதில் கையெழுத்துப் போட்டார். வேலை வெளியே போய்விடக் கூடாது என்றுதான் செய்கிறேன் என்று கொழுந்தன் சொன்னபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குற்றால அருவியில் நின்றால் பித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சீசனில் அப்படிப்பட்டவர்களைக் கூட்டிவந்து, தலைக்கு எண்ணெய் வைத்து அருவிக்குள் நிறுத்துவார்கள். அங்கே கூட்டிப்போகும் யோசனையைச் சொன்னவனும் கொழுந்தன்தான். அதன் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சீசனில் தாலுகாவே குற்றாலத்தில்தான் இருக்கும். முன்சீப்பே பித்தர்கள் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மனுவை விசாரிக்க வேண்டிய சப் கலெக்டர் துரையும் அங்கேதான் பங்களாவில் கேம்ப் போட்டிருந்தார்.

ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து எங்களை விட்டுவிட்டு, பொட்டலங்களையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, கொழுந்தன் ஊருக்குப் போனான். விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. நடுவில் வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் மோரைப் பாதி குடித்துவிட்டு, டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். எங்கள் வீடுகளில் புருஷன் சாப்பிட்ட இலையில்தான் பெண்டாட்டி சாப்பிடுவாள். அவர் மிச்சம் வைத்தது எதுவும் வீணாகக் கூடாது. அது பதினோரு வருஷத்துப் பழக்கம். மருந்தாயிற்றே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சூட்டுக்கு நல்லதுதானே என்று அந்தப் பாதி மோரை நான் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. சுவரில் எறும்புச் சாரை ஊர்ந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடித்தேன், அடித்தேன், ஓயவே இல்லை. அங்கே எறும்பே இல்லை என்று எதிர்வீட்டு அம்மாள் வந்து என் கையைப் பிடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் தேய்க்க வழக்கமான ஆள் வந்தார். திருவேங்கடம் என்ற ஊருக்குப் பக்கத்துக் கரிசல்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்து, சீசனுக்கு எண்ணெய் தேய்க்க வருகிறவர். என்னை நிமிர்ந்து பார்த்தவர், தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"தாயி, ஒங்க கண்ணும் இவரு கண்ணு மாதிரியே கெடக்கே. கருமணி இம்புட்டு விரிஞ்சிருக்கு. ஊமத்தங்காய மென்ன ஆட்டுக்குத்தான் இப்படிக் கெடக்கும். ரெண்டு பேரும் என்னத்தத் தின்னீங்க?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் இடிந்து விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டதில் எனக்குப் புதிதாக இருந்தது அந்தப் பாதி மோர் ஒன்றுதான். உள்ளே போய்ப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. விஷம் வைத்தவன் அவன், ஊட்டியவள் நான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

யாரிடம் போய்ச் சொல்வது? பெரிய மாமாவிடம் சொன்னால், பித்து இவளுக்கும் தொற்றிவிட்டது என்பார். அதனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். பொடியை நிறுத்துவது, பொட்டலத்தில் கை வைக்காமல் பத்திரமாக வைப்பது, விசாரணை நாள்வரை வாயைத் திறக்காமல் இருப்பது.

பொடியை நிறுத்திய நாலாம் நாள் அவருக்குத் தெளிந்தது. காலையில் எழுந்து, "ஏட்டி, நாம ஏன் குத்தாலத்துல இருக்கோம்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். யார் கொண்டுவந்தது, யார் கலந்தது, எத்தனை நாள் கொடுத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. "நீயும் அவன்கூடச் சேர்ந்தா?" என்றார்.

அந்தக் கேள்வி சுட்ட சூட்டை அருவித் தண்ணீரும் ஆற்றியதில்லை, வேறு எதுவும் ஆற்றியதில்லை. "சேர்ந்திருந்தா ஒங்ககிட்ட ஏன் சொல்லுதேன்?" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம்தான், "ஒரு டம்ளர் மோர் இருந்தாக் குடு" என்றார். கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கொழுந்தன் வந்தபோது அவர் பழையபடி பித்தர் வேஷம் போட வேண்டியிருந்தது. மனுஷர் அதில் ருசி கண்டுவிட்டார். "ஏலே, வரி கட்டினியால?" என்று தம்பி மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். காலைப் பிடித்துவிடச் சொல்லி ஒரு மணி நேரம் அமுக்க வைத்தார். அடுப்படியில் நின்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. போகும்போது கொழுந்தன், "முத்திட்டு மதினி. பொடிய விடாதீங்க" என்று இன்னும் நாலு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனான்.

விசாரணையன்று காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பங்களா வராந்தாவில் துரை, மொழிபெயர்க்கப் பக்கத்தில் ஒரு குமாஸ்தா. எதிரே பெரிய மாமாவும் கொழுந்தனும் நாங்களும். துரை கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று பதில் சொன்னார். எந்தக் குளத்துக்கு எத்தனை மடை, எந்த மடை முதலில் திறப்பது, எந்த வயல் யார் பேரில் இருக்கிறது, எல்லாம் ஒப்பித்தார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனாலும் சமாளித்துக்கொண்டான். "அருவி குணமாக்கிட்டு. எனக்கு அதைவிட என்ன சந்தோஷம்?" என்றான்.

நான் முன்னால் போய்ப் பொட்டலங்களை மேஜையில் வைத்தேன். இது ஊமத்தை விதை, இவன் கொடுத்து நான் கலந்தேன் என்றேன். வெறும் சுக்கும் வசம்பும் என்றான் அவன். மதினிக்கும் மனசு சரியில்லை போல என்றும் சேர்த்துக்கொண்டான். பெரிய மாமா தலையாட்டினார். பொடியைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும் என்று துரை கேட்பதாகக் குமாஸ்தா சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவருக்காகத் தூக்கில் கொண்டுவந்திருந்த மோரை டம்ளரில் ஊற்றினேன். இருந்த பொட்டலம் அத்தனையும் பிரித்துக் கொட்டினேன். "சுக்கும் வசம்பும்னா நான் குடிக்கேன்" என்று தூக்கினேன். பயங்காட்டுவதற்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். குடித்தே இருப்பேன். மூன்று மாதம் அவருக்குக் கொடுத்த பாவத்தை அப்படியாவது கழுவ வேண்டும் போல இருந்தது.

டம்ளர் உதட்டுக்கு வந்தது.

"மதினி, வேண்டாம்! குடிக்காதீங்க! செத்துப் போவீங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டான் கொழுந்தன்.

வராந்தா முழுக்க மோர். குமாஸ்தா மொழிபெயர்க்க வாயெடுத்தார், துரை வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வயதில் அம்மை கண்டு கிடந்தபோது பிடித்தானே, அதே பிடி.

பெரிய மாமா பதறினார். "ஏட்டி, வீட்டுச் சங்கதி வீட்டோட போகட்டும். கோர்ட்டு கச்சேரின்னு போனா குடும்ப மானம் என்ன ஆகும்?" என்றார். என் வீட்டுக்காரரும், "தம்பில்லா. விட்டுருவோம்" என்று தலைகுனிந்தார். புகார் உண்டா என்று துரை கேட்டார். கொழுந்தன் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும்தான் பார்த்தான்.

தன்னை மறந்து என்னைக் காப்பாற்றிய பிள்ளை. தன் அண்ணனைத் தினம் ஒரு டம்ளராகக் கொன்ற பிள்ளையும் அவன்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க எனக்கு மனது வரவில்லை. இன்றைக்கு விட்டால், நாளைக்கு இந்த வேலைக்காக இதே வீட்டில் இன்னொருத்தியின் கை விஷம் கலக்கும்.

"புகார் நான் குடுக்கேன்" என்றேன். எழுதிக் காட்டிய இடத்தில் ரேகை வைத்தேன்.

அவனுக்கு ஜெயில் கிடைத்தது. வெளியே வந்ததும் புனலூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், ஊருக்குத் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரர் வெகுகாலம் முன்சீப்பாக இருந்து நல்ல பேர் எடுத்தார். நான் செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் இன்றைக்கும் கேட்கிறார்கள், வளர்த்த பிள்ளையை எப்படி உன் கையால் பிடித்துக் கொடுத்தாய் என்று. அழுதுகொண்டுதான் கொடுத்தேன்; மறுபடி அந்த நாள் வந்தாலும், அழுதுகொண்டே கொடுப்பேன்.