திம்மராயன் கொண்டுபோன முட்டைகள்

ஓசூரிலிருந்து தினமும் ஆறு மணி பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்வந்தான் திம்மராயன். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாள் வேலை. முட்டைக்குள் வளரும் கோழிக் கருவை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவான். மூளை உருவாகும்போது எந்தச் செல்லில் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று அங்கே தேடினார்கள். மருந்து போட்டால் அந்த ஜீன் வேலை செய்யும் செல் மட்டும் ஊதாவாக மாறும். பத்தாவது தேறாத திம்மராயனுக்கு ஊதாப் புள்ளிகள் எங்கெங்கே விழவேண்டும் என்பது மனப்பாடம்.

1993 ஆவணியில் பண்ணைக் கோழிகளுக்கு நோய் வந்து முட்டை வருவது நின்றது. திம்மராயன் தன் வீட்டுக் கோழிகளின் முட்டை பன்னிரண்டு கொண்டுபோனான். அடைகாக்கும் பெட்டியில் வைத்து மூன்றாம் நாள் உடைத்தார்கள். ஏழு கருக்களில் தலைப்பக்கம் மூடாமல் பிளந்து கிடந்தது. சீவி மருந்து போட்டபோது ஊதாவாக வேண்டிய செல்களில் நிறமே ஏறவில்லை.

ஆய்வாளர் தங்கமணி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். “கோழிங்க எந்தத் தண்ணி குடிக்குது?”

“எங்க கெணத்துத் தண்ணிதாங்க மேடம். நாங்களும் அதான் குடிக்கறோம். பக்கத்துல போன வருசம் முலாம் போடற கம்பெனி ஒண்ணு வந்துச்சு.”

“தண்ணிதான் காரணம்னு இதை வெச்சு என்னால சொல்ல முடியாது.”

“மனுசங்களுக்கு இது எப்ப மூடுங்க மேடம்?”

“நாலாவது வாரத்துல. முழுகாம இருக்கறதே அப்பச் சரியாத் தெரியாது. ஏன் கேக்கறே?”

அவன் மனைவி முனிலட்சுமிக்கு ஐந்தாம் மாதம்.

வீட்டுக்கு வந்ததும் குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தான். முனிலட்சுமி ஓடிவந்தாள். “என்னாச்சுங்க உங்களுக்கு? இங்க கை வெய்யுங்க, உதைக்குது பாருங்க.” அவன் கை வைக்கவில்லை.

மறுநாள் கிருஷ்ணகிரியில் ஸ்கேன். டாக்டர் ஒரே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். பிறகு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். “மண்டையோட மேல்பாகமே உருவாகலைப்பா.”

குழந்தை தங்கவில்லை. முகத்தையாவது காட்டச் சொல்லி முனிலட்சுமி அழுதாள். அவன் விடவில்லை. அதை அவள் மன்னிக்கவே இல்லை.

தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினான். “கோழி முட்டையக் காட்டி கம்பெனிய மூடச் சொல்றியா?” என்று அதிகாரி சிரித்தார். யாரும் வரவில்லை. தை மாதம் பர்கூருக்குக் குடிபோக லாரியில் சாமான் ஏற்றும்போது, பக்கத்து வீட்டுச் செல்லி அதே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தண்ணியக் குடிக்காதே தாயி.”

“பளிங்காட்டம் இருக்குதுண்ணா!” என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள் செல்லி. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்.