கிழக்கு மடை

ஆனையூர்ப் பக்கம் எங்கள் கண்மாயில் மடை திறப்பவர் அவர். குச்சிக் கால்கள். தண்ணீரில் இறங்கி, கால் நனைந்த அளவை விரலால் பார்த்த பிறகுதான் பேசுவார்.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் மழை ஏமாற்றியது.

"இம்புட்டுத்தேன் கெடக்கு, சாமி. ஒரு மடைக்குத்தேன் காணும். பகுந்து விட்டா ரெண்டு பக்கமும் கருகிரும். எதத் தொறக்க?"

வயல்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீயே பாத்துச் செய்யப்பா" என்றேன் நான்.

கிழக்கு மடையைத் திறந்தார். மேற்கே வயல் வைத்திருந்த என் பங்காளிகள் அவரை அடித்தார்கள். அவர்களுக்குப் பயந்து, "யாரக் கேட்டுடா தொறந்த?" என்று நானும் கத்தினேன்.

என்னை ஒரு தரம் பார்த்தார்.

என் வயல் கிழக்கே இருந்தது. அந்த நெல்லைத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம்.