நோகுதா, மாஸ்டர்?

மற்ற வைத்தியர்கள் நோகாமல் இருக்கப் பாடுபடுவார்கள். நான் வேலை செய்த இடத்தில் எப்போது நோகும் என்று காத்துக் கிடந்தோம்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சீன வைத்தியர் பாரிசவாதக்காரருக்கு ஊசி குத்திவந்தார். அவருக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் மட்டும். இடையில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது என் வேலை. இரண்டு பேருக்கு நடுவில் மாட்டி இரு பக்கமும் ஏச்சு வாங்கிய வாசகர்களே, நீங்களும் நம்ம ஆட்கள்தான்.

மருந்தில்லாத ஊசி

பள்ளிக்கூடத்துச் சின்னத்தம்பி மாஸ்டரை ரிக்‌ஷாவில் கூட்டி வந்தவர் அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா. மாஸ்டருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் விளங்கும். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். மயிரிழை போன்ற ஊசிகளைப் பார்த்த அக்கா, மருந்து எங்கே என்று தேடினார். மருந்தே கிடையாது, வெறும் ஊசிதான் என்றேன்.

"வெறும் ஊசி குத்துறதெண்டா எனக்கும் தெரியும், தம்பி. இவரின்ரை சட்டையெல்லாம் நான்தானே தைக்கிறது."

சொல்லாமல் விட்டது

ஊசியைத் திருகும்போது நோகுதா என்று நான் கேட்க வேண்டும். நொந்தால் கைக்கு உயிர் திரும்புகிறது என்பது வைத்தியரின் கணக்கு. அதை மாஸ்டருக்குச் சொல்லக்கூடாது, நோகாவிட்டால் மனம் உடைந்துபோவார் என்று அக்கா என்னிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார். மாஸ்டரோ ஒவ்வொரு முறையும் இல்லை என்றே தலையாட்டினார். அக்கா ஜிந்துப்பிட்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். வீட்டில் அந்த விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தார். மாதங்கள் போயின. இனிக் கூட்டி வந்து பயனில்லை என்று சொல்லும்படி வைத்தியர் என்னிடம் சொன்னார். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நீர் ஒண்டும் சொல்லாதேயும், தம்பி. அடுத்த கிழமையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அக்கா வெளியே போன நேரம்

சொன்னபடியே வந்தார். ரிக்‌ஷாக்காரன் கூப்பிட்டதால் அக்கா வெளியே போன நேரம், வழக்கம்போல் கேட்டேன். மாஸ்டர் முதலில் வாசலைப் பார்த்தார். அவருடைய வகுப்பில் பிரம்படிக்குக் கை நீட்டும் பிள்ளை முகம் சுளித்தால் இன்னோர் அடி விழும். அது ஊரறிந்த சங்கதி. அதே சட்டத்தைத் தனக்கும் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிக் குழறினார்.

"நோகுது, தம்பி. கனநாளாய் நோகுது. அவவுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

வாசலில் நின்றவர்

திரும்பினேன். அக்கா வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. வைத்தியருக்கு நான் ஒன்றும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் அடுத்த ஊசியை எடுத்துவிட்டார். அந்தக் கை பிறகு பிரம்பு பிடிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தது, அதுவும் நடுங்கி நடுங்கித்தான். ஆனால் எனக்கு மறக்காதது, அன்று அக்கா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துச் சொன்னதுதான்.

"இஞ்சாருங்கோ, நல்லா நோகட்டும். வாய்விட்டு அழுங்கோ."

சீனருக்கும் தமிழருக்கும் நடுவில் நிற்க ஆள் வைத்தார்கள். ஒரே தமிழ் பேசிய புருஷன் பெண்சாதிக்கு நடுவில்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது.