ஊறுகாய்க்குப் பின் ஒரு மடக்கு

அமெரிக்காவில் விஸ்கி ஆலையில் வேலை பார்த்த என் சிநேகிதன், தான் முதன்முதலாகச் செய்த பர்பன் விஸ்கியைத் திருவண்ணாமலைக்கு எடுத்துவந்தான். இரண்டே வருடச் சரக்கு. கடைசிச் சில மாதங்கள் அனலில் வாட்டிய பீப்பாயில் ஊறியதாம். லாட்ஜ் அறையில் ஊற்றிக் கொடுத்து, “எப்படி இருக்குனு சொல்லு” என்றான்.

நான் வழக்கம்போல எலுமிச்சை ஊறுகாயை நக்கிவிட்டு ஒரே மடக்கில் விழுங்கினேன். “பச்சை வாடை போகலடா. காரமும் ஜாஸ்தி.” பெரிய நிபுணன் நான். அவன் பேச்சை மாற்றினான்.

அவன் போன பிறகு மிச்சத்தை வெறும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். வறுத்த வேர்க்கடலையும் வெல்லப்பாகும் மணந்தன. உடனே போனில் சொன்னேன்.

“எனக்காகச் சொல்ற, விடுடா” என்றான்.

அதன் பிறகு அவன் தன் சரக்கைக் கொண்டுவந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் ஏர்போர்ட்டில் வாங்கிய ஸ்காட்ச்தான்.