படகில் போட்ட இடம்

தாம்பரத்தில் காலை வண்டி காலியாக வரும். அந்தக் காலி ஒரு மூச்சு நேரம்தான். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே கர்ச்சீப்புகள் பறக்கும், பைகள் பறக்கும், ஒருமுறை ஒரு குடை பறந்தது. பொருள் எங்கே விழுந்ததோ அந்த இடம் அந்த ஆளுக்கு. சண்டைக்காரர்கள்கூட இதில் சண்டை போடுவதில்லை. என் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் இரண்டு வருடம் ஜன்னலோரத்தில் விழுந்தது. எனக்காக அல்ல, குரோம்பேட்டையில் ஏறுகிற ஒருத்திக்காக. தோள்களுக்கு இடையே நெளிந்து வருவாள், கர்ச்சீப்பை எடுத்து நான்காக மடித்து என் கையில் கொடுப்பாள், உட்காருவாள். அந்த மடிப்பைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரை நிலையம் வரை போவேன். அதற்கு மேல் எனக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை, அல்லது அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மூலையில் நான்கு பேர். நானும் அவளும், வங்கியில் வேலை பார்த்த என் பருத்த நண்பன், தொலைபேசி அலுவலகத்து அக்கா ஒருவர். அக்காவுக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கும் கோவளத்து அம்மாவின் வீட்டுக்காரரிடம் ஃபைபர் படகு ஒன்று இருந்தது. விடுமுறை நாளில் கால்வாயில் போய்வரலாம், உப்பளம் வரைக்கும், என்று அக்காதான் ஏற்பாடு செய்தார். வண்டியில் நின்று நின்று நீங்கள் எல்லாரும் தண்ணீரையே மறந்துவிட்டீர்கள் என்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் அவளிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் கேட்டேன். கிண்டி வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவ சபையில் முக்கியமானவர். என் அம்மா கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் முருகன் மலை ஏறுகிறவள். இதெல்லாம் இருவருக்கும் தெரிந்ததுதான், அதனால் இருவரும் அதைப் பேசவில்லை.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்," என்றாள் கடைசியில். "ஆனா எனக்கு வாயால சொல்ல வராது. படகுல இடம் போட்டு வைங்க. நான் வந்து உக்காந்தா புரிஞ்சுக்கோங்க."

உட்காராவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

படகுக்குப் போன அன்று பேருந்தில் வண்டலூர், கேளம்பாக்கம் என்று போய் இறங்கினோம். அவள் எங்களோடு வரவில்லை, அத்தை வீட்டிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். படகில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பலகை. ஒரு பக்கத்தில் கரையோரத்து மரத்தின் நிழல் விழுந்திருந்தது. ரயில் புத்தி எங்கே போகும்? நாங்கள் மூவரும் அந்தப் பக்கமே பாய்ந்தோம். என் பக்கத்தில் கர்ச்சீப்பைப் போட்டேன். நண்பன் அதைப் பார்த்துவிட்டு, மச்சான், இங்கயுமா, என்று சிரித்தான். அவனுக்கு விஷயம் தெரியும். அக்காவுக்கு நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவள் வந்தாள். வெள்ளைச் சுடிதார், கையில் செருப்பு. படகுக்குள் கால் வைத்தாள், குனிந்து கர்ச்சீப்பை எடுத்தாள், மடிக்கத் தொடங்கினாள். படகு எங்கள் பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"இன்னா சார், அல்லாரும் ஒரே சைடுல குந்திகினா கவுந்துடும்," என்றார் படகுக்காரர், கழியை ஊன்றியபடி. "ட்ரெயின்ல போற ஜனங்களா நீங்க? பொம்பளைங்க ரெண்டு பேரும் அந்தாண்ட குந்துங்க."

அக்கா எழுந்தார். அவளும் போனாள். பாதி மடித்த கர்ச்சீப் அவள் கையோடு போயிற்று.

உட்கார வந்தாளா, எடுத்துத் தர வந்தாளா? அந்தக் கால்வாய் முழுக்க எனக்கு இது ஒன்றுதான். பச்சைத் தண்ணீர் ஓடியதா நின்றதா தெரியாது. கருவேலம், கொக்கு, ஓலை மூடிய உப்புக் குவியல், எல்லாம் வந்தன, போயின. அக்கா புளிசாதம் பிரித்தார். நண்பன் தன் மேலாளரைப் போலப் பேசிக் காட்டினான், அவள் சிரித்தாள். சிரிக்கிறாளே என்று ஒரு கணம் உள்ளுக்குள் துள்ளினேன். சிரித்து முடித்ததும் கர்ச்சீப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

உப்பளத்துக் கரையில் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் நண்பன் எழுந்து நின்றான். தலை சுற்றுகிறது, வரப்பு வழியே நடந்து சாலைக்குப் போய்ப் பேருந்து பிடித்துக்கொள்கிறேன் என்றான். தலை சுற்றுகிறவன் குரல் இல்லை அது. இறங்கும்போது என் தோளை அழுத்திவிட்டுப் போனான். அந்தப் பெரிய உடம்பு உச்சி வெயிலில் வரப்பின் மேல் தனியாக நடந்து போனதை இன்னும் பார்க்கிறேன். எனக்கு அவன் போட்டுத் தந்த இடம் அது.

இப்போது என் பக்கத்தில் நான் மட்டும், எதிர்ப்பக்கத்தில் அவர்கள் இருவரும் கழியோடு படகுக்காரரும். படகு அவர்கள் பக்கமாகச் சாய்ந்தது.

"யாராச்சும் ஒருத்தர் அந்தாண்ட போங்க," என்றார் படகுக்காரர். "அப்பதான் சரியா இருக்கும்."

அக்கா அசையவில்லை. டிஃபன் கேரியரின் கொக்கியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். படகுக்காரர் கழியை எடுக்காமல் காத்திருந்தார். தண்ணீர் பலகையின் அடியில் தட்டிக்கொண்டே இருந்தது. படகே கூப்பிடுகிறதே, எழுந்து வா, இரண்டு அடிதான், என்று எனக்குள் யாரோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போங்கக்கா," என்றாள் அவள்.

குரல் உடையவில்லை. அக்கா எழுந்தபோது அந்தக் கர்ச்சீப்பை அவர் கையில் வைத்தாள், அழகாக, நான்காக. அக்கா வந்து என் அருகில் உட்கார்ந்து அதை என் மடியில் வைத்தார். "சாப்டியா தம்பி நீ?" என்றார். படகு நேரானது. யாரும் சாயாமல் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை வண்டி வந்தது. கை தானாக எறிந்துவிட்டது. குரோம்பேட்டை வந்தபோது பார்த்தேன், நடைமேடையில் எங்கள் பெட்டியைத் தாண்டிப் பெண்கள் பெட்டியை நோக்கி அவள் வேகமாக நடந்துகொண்டிருந்தாள், பையை மார்போடு அணைத்தபடி. அக்கா பார்க்காததுபோல் இருந்தார். நண்பன் அன்று ஜோக் சொல்லவில்லை.

நின்றுகொண்டிருந்த ஒருவர் ஜன்னலோரத்தைக் காட்டினார். "ஆள் வராங்களா சார்?"

வண்டி நகரும் வரை நடைமேடையைப் பார்த்தேன். பிறகு கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டேன். மடிக்கத் தெரியவில்லை, அப்படியே கசக்கிப் பையில் வைத்தேன்.

"உக்காருங்க," என்றேன்.