கண்டெய்னருக்குள் உட்கார்ந்த டாங்கிள்

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். போட்டுக் கொடுத்த மறுநாள் "நெட்டு வரலையே" என்று வரும் போனுக்குப் பதில் சொல்வது அந்தத் தொழிலின் முக்கால் பங்கு. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்துவிட்டு, சிம் போட்டுச் செருகும் யு.எஸ்.பி. டாங்கிளின் சின்ன விளக்கு நீலமாகாதா என்று முறைத்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களும் படிக்கலாம்.

நான் மஸ்கட்டில் பதினேழு வருடம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் பிறந்த ஊரான திருவொற்றியூருக்கே திரும்பி வந்தவள். வந்த பிறகு பார்த்த வேலைகளில் இந்த ஒன்றை மட்டும் கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

கூடவே நடந்து போகும் நெட்டு

என் வாடிக்கைக்காரி சாந்திக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் ஓர் ஆபீஸ். ஆபீஸ் என்றால் பழைய இருபதடி கண்டெய்னர். பக்கவாட்டில் கதவு வெட்டி, உள்ளே இரண்டு மேஜை, இரண்டு கிழட்டுக் கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் டிரைவர்களுக்கு ஆன்லைனில் நுழைவு பாஸ் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். டிரைவர்களின் பென்டிரைவில் வந்த வைரஸ் இரண்டு மெஷினையும் தின்றதால் லினக்ஸுக்கு மாறினாள். மாற்றியது நான். அந்த ரோட்டில் நெட் வயர் மூன்று தடவை கட்டினார்கள். மூன்று தடவையும் உயரமாகச் சரக்கு ஏற்றிய ஏதோ ஒரு வண்டி அறுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு வாசற்படியில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டாள். யாராவது கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போவாள்; நெட்டும் கூடவே நடந்து போகும்.

அந்த நேரம் பார்த்து, நாற்பது ட்ரெய்லர் ஓடும் ஒரு டிரான்ஸ்போர்ட்டின் சூப்பர்வைசர் தனசேகர் வந்தார். வரும் திங்கள் முதல் சனி வரை அவர்கள் வண்டிக்கெல்லாம் சாந்தியே பாஸ் போட வேண்டும். அந்த ஆறு நாளில் நெட் இல்லாமல் ஒரு வண்டியும் நிற்காவிட்டால் வேலை நிரந்தரம். நின்றால் வேறு கடை. கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஏழு வருடம் பார்த்த டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு அந்தக் கண்டெய்னரில் வந்து உட்கார்ந்தவள் அவள். புதன்கிழமை, யாரோ கொடுத்த பழைய டாங்கிளோடு என் வீட்டுக்கு வந்தாள். லினக்ஸ் திரையில் வரும் பென்குவின் படம் அவள் மனதில் பதிந்திருந்தது போல.

"யக்கா, உன் பென்குவின நம்பித்தான் திங்கக்கெழம கடைய தொறக்கப் போறேன். அது நீந்துமா முழுகுமா, இப்பவே சொல்லிடு."

சி.டி. வேஷம்

டாங்கிளைச் செருகியதும் என் கம்ப்யூட்டர், "சி.டி. போட்டிருக்கிறீர்கள்" என்றது. இந்த டாங்கிள்களின் குணமே அதுதான். விண்டோஸுக்கான சாஃப்ட்வேரை வயிற்றில் வைத்துக்கொண்டு முதலில் சி.டி. டிரைவாக வேஷம் போடும். அந்த சாஃப்ட்வேர் ஓடிய பிறகுதான் மோடமாக மாறும். லினக்ஸ் நல்ல பிள்ளை. சி.டி. என்று சொன்னால் சி.டி. என்றே நம்பிவிடும்.

"சி.டி.யை வெளியே தள்ளு" என்று ஒரு கட்டளை கொடுத்தேன். சி.டி. மறைந்தது. நான்கு விநாடி கழித்து அதே டாங்கிள், வேறு அடையாள எண்ணோடு, மோடமாகத் திரும்பி வந்தது. எத்தனையாவது முறை பார்த்தாலும் எனக்கு இதில் சந்தோஷம் குறைவதில்லை. சாந்திக்கு விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வேஷத்த கலைக்கறதுக்கு ஒரு கமாண்டு கீதா? எங்க ஊட்டுக்காரருக்கும் ஒருவாட்டி போட்டு வுடுக்கா!"

இல்லாத பட்டன்

மோடம் வந்தாலும் நெட் வராது. சிம் கம்பெனியின் நெட்வொர்க் முகவரி ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். அதைக் கேட்க வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். "ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க மேடம்" என்றார் தம்பி. என்னிடம் அந்தப் பட்டன் இல்லை, இது லினக்ஸ் என்றேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். மூன்று பேரும் ஸ்டார்ட் பட்டனைத்தான் அழுத்தச் சொன்னார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு, போன் எந்த முகவரியைப் பிடிக்கிறது என்று பார்த்து, அதையே எழுதினேன். விளக்கு நீலமானது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் குக்கரை அணைத்துவிட்டார்கள். மறுநாள் காலை அதே சேவை மையத்திலிருந்து, பிரச்சினை தீர்ந்ததா என்று விசாரித்தார்கள். தீர்ந்தது, நானே தீர்த்தேன் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். எதுக்கும் அந்த லினக்ஸ் போன் கம்பெனியிலயும் ஒரு கம்ப்ளைன்ட் குடுத்து வச்சிருங்க."

மூன்று மணி நேரம்

சனிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்டெய்னருக்குப் போனேன். செருகினேன். சி.டி. மறைந்தது, மோடம் வந்தது. சிக்னல் மட்டும் பூஜ்யம். செட்டிங்கை மாற்றினேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். பக்கம் பக்கமாகப் பிழைக் குறிப்புகளைப் படித்தேன். மூன்று மணி நேரம். சாந்தி துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

ஜாபர் பாய் அவளுடைய பழைய வாடிக்கை. தண்டையார்பேட்டைக்காரர், முப்பது வருடமாக ட்ரெய்லர் ஓட்டுகிறவர். பாஸ் வாங்க வந்தவர், வாசலில் நின்று டீயைக் குடித்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம் நீ, போன் வந்தா நாங்கல்லாம் வெளிய ஓடிப் போய்தான் பேசறோம். அது மட்டும் இந்த இரும்புப் பொட்டிக்குள்ள குந்திகினு எப்டி பேசும்?"

டிபன் டப்பா

இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ அலை நுழையாது என்பதைப் பள்ளியில் தமிழில் ஒரு தடவை, கல்லூரியில் ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுதி மார்க் வாங்கியவள் நான். இரண்டு மொழியும் அன்று கைவிட்டன.

நீளமான யு.எஸ்.பி. வயர் வாங்கி, சுவரில் ஓட்டை போட்டு, டாங்கிளை பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கூரைமேல் கட்டினோம். சிக்னல் முழுசாக வந்தது. ஆனால் வயர் நீளம், கரண்ட் பற்றவில்லை. டாங்கிள் மயங்கி விழும், எழுந்திருக்கும்போது மறுபடியும் சி.டி. வேஷம். தனியாகக் கரண்ட் எடுக்கும் ஹப் ஒன்றை டப்பாவுக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பத்து வரி புரோகிராம் எழுதினேன். சி.டி. தலை காட்டினால் யாரையும் கேட்காமல் அதை வெளியே தள்ளு, மோடமாக்கு, இணைப்பைப் போடு. பரீட்சை வைக்க ஜாபர் பாய் கூரையேறி டாங்கிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஐந்து தடவையும் பன்னிரண்டு விநாடியில் நெட் திரும்பியது. மேலிருந்தே கத்தினார்:

"வுழுறது எல்லாருந்தான் வுழுறோம் மேடம். தூக்கி வுட ஆளில்லாம தானா எந்திரிச்சிச்சி பாரு, அதான் கெத்து!"

ஆறாவது நாள்

திங்கள் முதல் தினமும் சோறு கட்டிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தேன். கடற்காற்றோ சிக்னலோ, இணைப்பு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விழத்தான் செய்தது. என் பத்து வரி ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்தியது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். டிரைவர்களுக்கு, பாஸ் வந்தது, போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தனசேகரே வந்து சாந்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். வெளியே அவர் வண்டிகள் மூன்று. சாந்தி கடைசிப் பட்டனை அழுத்தப் போகும்போது, திரை மூலையில் இருந்த இணைப்புக் குறி மறைந்தது. மவுஸ்மேல் அவள் விரல் அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே மாட்டியிருப்போம். நான் மனதுக்குள் எண்ணினேன். தனசேகர் கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. குறி வந்தது. அவள் அழுத்தினாள். பிரிண்டர் காகிதத்தை இழுத்தது.

அவர் பாஸை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். டாங்கிள், டப்பா, பத்து வரி, எதையும் கேட்கவில்லை. சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சாந்தி எழுந்து நின்று, "சார், எங்க நெட்டு எப்டி சார் கீது?" என்று கேட்டாள்.

"நெட்டப் பத்தி எனக்கு இன்னாம்மா தெரியும்? இந்த ஆறு நாள்ல ஒரு டிரைவரும் எனக்கு போன் பண்ணி கத்தல. திங்கக்கெழம ரெண்டு பேப்பர் பண்டல் சேத்து வாங்கி வை."

சுவரில் மாட்டும்படியான சான்றிதழ்கள் வெளிநாட்டில் நிறைய வாங்கியிருக்கிறேன். தனசேகர் சொன்ன இதை மாட்ட முடியாது என்பதால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.