ஆன்ட்டியின் தங்கை வரும் கேசட்

சூடேறிய வீடியோ "டெக்"கிலிருந்து வரும் தூசி வாசனை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்டில், சென்னையிலிருந்து வரும் கேசட்டுகளைப் பார்ப்பதற்காக அப்பா அலைந்து வாங்கிய "மல்டி சிஸ்டம்" அது. அமெரிக்க டெக்கில் நம் ஊர்க் கேசட்டைப் போட்டால் வெறும் கோடுதான் ஓடும். இஸ்ரேலிலிருந்து வந்து கீழ்வீட்டில் தனியாக இருந்த ரிவ்கா ஆன்ட்டியின் கேசட்டுகளுக்கும் அதே தலையெழுத்து என்பதால், ஞாயிறு மதியம் அவர் ஒரு பழைய ஹீப்ரு படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அம்மா கூடவே உட்கார்ந்து, அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுவாள்.

ஒரு படம் மட்டும் மாதம் தவறாமல் வரும். அதில் சந்தைக் கூட்டத்தில் ஒரு பெண் கூடையோடு நடந்து வந்து, காமிராவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவாள். அவள் ஆன்ட்டியின் தங்கை. கூட்டத்தில் நடக்க ஆள் பிடித்தபோது ஆசைக்குப் போனவள், மறுவருஷமே காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய போட்டோ ஒன்றுகூட ஆன்ட்டியிடம் இல்லை. அவள் வந்ததும் "லுக், லுக்" என்று என் தொடையைத் தட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒருமுறை நேரமாகிவிட்டதால், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அந்தக் கேசட் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அம்மா துணி துவைக்கக் கீழே போன நேரம், அந்த முகத்தை நிறுத்திப் பார்க்கலாமே என்று "பாஸ்" பட்டனை அழுத்தினேன். "பாஸ்ல ரொம்ப நேரம் வைக்காத, டேப் தேஞ்சுடும்" என்று அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டதெல்லாம் மண்டையில் ஏறினால்தானே. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தியதில் டெக் கரகரவென்று டேப்பைத் தின்றுவிட்டது. கசங்கியதை உருவி எடுத்து, விரலால் நீவி, உள்ளே சுற்றி வைத்தேன்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. "என்னடி, மூஞ்சியே சரியில்ல, ஃபீவரா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், பயத்தில் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

ஞாயிறு வந்தது. சந்தை வந்தது, கூடையோடு அவள் நடந்து வந்தாள். முகம் திரும்பவேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள். அப்புறம் போகிற முதுகு மட்டும் தெரிந்தது. "ஹெட்ல அழுக்கா இருக்கும், கிளீன் பண்ணிப் பாக்கறேன்" என்று அப்பா டெக்கை நோண்டினார். ஆன்ட்டி வேண்டாம் என்றார். ஆசைப்பட்டு ஆசைப்பட்டுப் பார்த்து நானே இவளைத் தேய்த்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். நான் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் வந்தார், வேறு படங்களோடு. அந்தப் படத்தை அப்பா கேட்டால், மிச்சமிருப்பதாவது தேயாமல் இருக்கட்டும் என்று மறுத்துவிடுவார்.

இப்போது நான் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். டெக்கும் இல்லை, கேசட்டும் இல்லை. ஆன்ட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் பார்த்ததால் தேயவில்லை ஆன்ட்டி, நான்தான் கெடுத்தேன் என்று அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த முதுகையாவது அவர் மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.